எதிரி வேலைக்குப் போன மைதீன் பிச்சை

மைதீன் பிச்சைக்கு ஆண்டவன் முகத்தை ஒரு மாதிரியும் மனசை வேறு மாதிரியும் படைத்துவிட்டான். ஒட்டிக்கிடக்கும் புருவம், எப்போதும் சிவந்த கண், தவிலில் தட்டினது போலக் குரல். திண்டுக்கல் பேகம்பூர் தெருவில் நின்று அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால், புதிதாய்க் குடிவந்தவர்கள் கதவைச் சாத்துவார்கள். ஆளோ, வழியில் போகிற ஆட்டுக்குக் காலில் முள் குத்தியிருந்தாலும் சைக்கிளை நிறுத்தி, உட்கார்ந்து பிடுங்கிவிட்டுத்தான் போவார்.

தொழில், தோல் வாங்குவது. தகப்பன் வழியில் வந்தது, அவர் அத்தா பார்த்த தொழில்தான். அத்தா மௌத்தாகிக் கண்மூடிய வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், அவர் ஓட்டிய சைக்கிளையே எடுத்துக்கொண்டு கிளம்பியவர், ரெட்டியார்சத்திரம், கன்னிவாடி, அந்தப் பக்கம் ஆயக்குடி வரைக்கும் சுற்றினார். கிராமத்தில் ஆடு அறுத்த வீடு, மாடு செத்த வீடு எதுவானாலும் போய்த் தோலை வாங்கி, உப்புப் போட்டு மடித்து, கேரியரில் கட்டி, திண்டுக்கல் தோல் ஷாப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்.

இந்த வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. மாடு செத்த வீட்டுக்குப் போய் எடுத்த எடுப்பில் தோல் என்ன விலை என்று கேட்டால் விளக்குமாறு வரும். முதலில் உட்கார வேண்டும். மாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். எந்தச் சந்தையில் பிடித்தது, எத்தனை ஈற்று ஈன்றது, பால் எப்படி. அப்புறம் மக்களைப் பற்றி. மகள் கட்டிக்கொடுத்த இடம் எப்படி, மருமகன் குடிக்கிறானா, சம்பந்தி பேச்சு சரியாய்விட்டதா. எல்லாம் முடிந்து அவர்களே "சரி பாய், தோலைப் பாருங்க" என்று சொன்ன பிறகுதான் விலை.

மைதீன் பிச்சை இதை வியாபாரத்துக்காகச் செய்யவில்லை. நிஜமாகவே கேட்பார். மாட்டுக்காக அழுதும் இருக்கிறார். அதனால் அந்தப் பக்கத்துச் சனங்கள் பூசாரியிடம் சொல்லாததையும் அவரிடம் சொல்லிவிடுவார்கள்.

"ஊர்க்கதையெல்லாம் உங்க காதுல. நம்ம வீட்டுக்கதையெல்லாம் ஊர் வாயில" என்பாள் அவர் மனைவி அஜீஸுன்னிசா. அதுவும் பொய்யில்லை. கேட்கிற காது எவ்வளவு அகலமோ, சொல்கிற வாயும் அவ்வளவு அகலம்.

சீனச் சண்டை முடிந்த மறு வருடம் கன்னிவாடி மலையடிவாரத்தில் நாலைந்து கூடாரம் முளைத்தது. ஏரோப்ளேன் பட்டாளம் என்று ஊர் பேசிக்கொண்டது. ப்ளேன் ஒன்றையும் காணோம். வந்ததெல்லாம் ப்ளேன் ஓட்டப் படிக்கிற பையன்கள். சண்டையில் ப்ளேன் அடிபட்டு, குடை விரித்து எதிரி நாட்டில் விழுந்துவிட்டால் எப்படிப் பிழைத்து வருவது என்று அவர்களுக்குப் பழக்க வேண்டும். அதற்காக அவர்களை மலைமேல் வெறுங்கையாக இறக்கி விடுவார்கள். கிடைத்ததைத் தின்று, ஒளிந்து, மறைந்து, பழனி ரோட்டைத் தாண்டிவிட வேண்டும். மலையிலிருந்து ரோடு வரைக்கும் எதிரி நாடு. தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நம் நாடு.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. எதிரி நாட்டுச் சனங்களுக்குத்தான் அது புரியவில்லை.

முதலில் வந்த கூட்டம் மலையிறங்கின அன்றே ஊருக்குள் தெரிந்துபோனது. நல்ல வீட்டுப் பிள்ளைகள் பட்டினியாய் வேலியோரம் ஒளிந்து கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் எந்த வீட்டில் சும்மா இருப்பார்கள்? தக்காளிக் காட்டில் பதுங்கிக் கிடந்தவனைச் சிவனம்மாள் என்ற சம்சாரி வீட்டம்மா கையைப் பிடித்து இழுத்துப்போய், கோழியடித்துக் குழம்பு வைத்துப் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பினாள். தார் ரோட்டைத் தாண்டி வந்த பையன்களைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் எல்லோரும் எடை கூடியிருந்தார்கள்.

முகாமுக்குப் பெரியவர் குரியன் என்கிற ஆபீசர். மலையாளக்காரர். கோயம்புத்தூரில் வெகுநாள் இருந்ததால் தமிழ் பேசுவார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவருக்குக் கீழே வேலை பார்த்த சார்ஜென்ட் மிக்கேல்ராஜ் திண்டுக்கல்காரன். மைதீன் பிச்சையோடு மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"சார், இந்த ஊர்ல எதிரி தானா கிடைக்காது. நாமதான் ஆள் பிடிக்கணும்" என்றான் மிக்கேல்ராஜ். "எனக்கு ஒருத்தனைத் தெரியும். மூஞ்சியைப் பாத்தாலே பயம் வரும்."

அப்படித்தான் மைதீன் பிச்சை எதிரி வேலைக்குச் சேர்ந்தார். தோல் வாங்கச் சுற்றுகிற வழியிலேயே பையன்களைத் தேடிப் பிடித்து முகாமில் ஒப்படைக்க வேண்டும். அவரைக் கண்டதும் குரியன் ஒரு எட்டுப் பின்னால் போய், "இவர் போதும், வேறே யாரும் வேண்டா" என்றார்.

வீட்டில் சொன்னபோது அஜீஸுன்னிசா அரிசி புடைக்கிற முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க எதிரியா? பூனை பாலைக் குடிச்சா அதுக்கு வாயைத் தொடைச்சு விடுற ஆளு."

"சிரிக்காத புள்ள. ஒருத்தனையாச்சும் பிடிச்சு ஒப்படைக்கிறனா இல்லையா பாரு."

"பிடிப்பீங்க. பிடிச்சு வீட்டுக்குக் கூட்டியாந்துருவீங்க. கூட ஒரு படி அரிசி போட்டே வைக்கிறேன்."

அது ரமலான் மாதம். தை பிறந்து மொச்சை காய்த்துத் தொங்குகிற காலம். அவர் மகள் நர்கீஸ் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள். மைதீன் பிச்சை நோன்போடுதான் சைக்கிள் மிதித்தார். மாலையில் வழியிலேயே நோன்பு திறக்க, ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோவார்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். கன்னிவாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மொச்சைக் காட்டு ஓரம் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினார். காட்டுக்குள் யாரோ தும்மினார்கள். ஆட்டுத்தோல் வாசம் பழகாத மூக்கு.

"எந்திரிச்சு வாலே" என்றார்.

ஒரு பையன் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். முகமெல்லாம் சகதி, சட்டையெல்லாம் முள் கிழித்த கிழிசல். கண் மட்டும் அவர் முகத்தைப் பார்த்து அரண்டு போயிருந்தது.

"பேரு நாச்சிமுத்து. பைலட் ஆபீசர்" என்று சொல்லி, நம்பரையும் ஒப்பித்தான். அதோடு வாயை மூடிக்கொண்டான்.

மைதீன் பிச்சைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சைக்கிளில் கிடந்த கயிற்றால் அவன் கையைக் கட்டினார். இறுகிவிடுமோ என்று கொஞ்சம் தளர்த்தினார். அதற்குள் கன்னிவாடிப் பக்கமிருந்து பாங்கு சத்தம் லேசாய்க் காற்றில் வந்தது. தூக்குவாளியைத் திறந்தார். கஞ்சி வாசத்துக்குப் பையனின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

இதற்கு மேல் என்ன செய்வது? பசித்தவன் பார்த்துக்கொண்டிருக்க நோன்பு திறக்கிற பழக்கம் பேகம்பூரில் யாருக்கும் கிடையாது. கட்டை அவிழ்த்தார். தூக்குவாளி மூடியில் கஞ்சியை ஊற்றி நீட்டினார்.

"குடியப்பு. எதிரின்னாலும் பசிக்கும்ல."

பையன் முதல் மூடியை மூச்சு விடாமல் குடித்தான். இரண்டாவது மூடியில்தான் மூச்சு வந்தது.

"எந்த ஊரு?"

பையன் தயங்கினான். "ஆயக்குடிங்க."

"ஆயக்குடியா? கொய்யாத்தோப்பு வீடு யாரோடது? அங்க ஒரு சிவப்புக் காளை செத்து, நான் போய்த் தோல் எடுத்தேன். அந்த அம்மா மூணு நாளு சாப்பிடலையே."

"அது எங்கம்மாவுங்க" என்றான் நாச்சிமுத்து. அவன் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் என்ன, மடை திறந்தது போல்தான். அம்மாவுக்கு மூட்டுவலி. தம்பி படிக்க மாட்டேன் என்கிறான். இவனுக்குச் சின்ன வயதிலிருந்து ஆகாயத்தின் மேல் ஆசை. இதே மாதிரிப் பயிற்சியில் வேறு ஊர்க் காட்டில் ஒரு தடவை தோற்றுவிட்டான். இந்தத் தடவையும் தோற்றால் ப்ளேனைத் தொட விடமாட்டார்கள். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுக்க வேண்டியதுதான். நாளைக் காலையில் பையன்கள் எல்லோரும் பாழடைந்த சுண்ணாம்புக் காளவாசலில் கூடி, ஒன்றாய் ரோட்டைத் தாண்டுவதாக ஏற்பாடு.

"நல்லா வருவப்பு" என்றார் மைதீன் பிச்சை. "அம்மாவைப் பத்திக் கவலைப்படாத. நான் அந்தப் பக்கம் போறப்ப ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

தொழுது முடித்து, தோல் மூட்டைமேல் அவனை உட்கார வைத்து மிதித்துக்கொண்டு முகாமுக்கு வந்தார். பிடிபட்டது தோல்வியில்லை என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பிடிபட்டவனை மறுபடி மலையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மிச்சத்தைச் சொல்லவில்லை. பிடிபட்டு வாயைத் திறந்தால்தான் தோல்வி. பேர், பதவி, நம்பர். இந்த மூன்றுக்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

"பாய், இவன் ஏதாவது சொன்னானோ?" என்று கேட்டார் குரியன்.

"தங்கமான பையன் சார்" என்று ஆரம்பித்தார் மைதீன் பிச்சை. பாராட்டிச் சொன்னால் பையனுக்கு நல்லது என்று நினைப்பு. அம்மாவின் மூட்டுவலியைச் சொன்னார். தம்பி படிப்பைச் சொன்னார். சிவப்புக் காளையைச் சொன்னார். பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து முகத்தில் சகதியையும் மீறி வெளிறல் ஏறியது. மிக்கேல்ராஜ் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினான்.

"கண்ணுல தூசியா மாப்ள?" என்று அவனைக் கேட்டுவிட்டு, "அப்புறம் சார், அம்புட்டுப் பேரும் நாளைக்குக் காளவாசல்ல ஒண்ணாச் சேருறாங்களாம். என்ன ஒத்துமை பாருங்க" என்று முடித்தார்.

மறுநாள் காலையில் அத்தனை பையன்களும் காளவாசலில் கூண்டோடு பிடிபட்டார்கள்.

மதியம் மிக்கேல்ராஜ் பேகம்பூருக்கே வந்து விஷயத்தைச் சொன்னான். "நீ பிடிச்ச பய வாயைத் திறந்துட்டான்னு பெயில் போட்டாச்சு. நாளைக்கு மறுநாள் பேப்பர் மேலிடத்துக்குப் போகுது. போனா அவனுக்கு ஸ்டோர் ரூம்தான்."

"நான் பாராட்டில்லடா சொன்னேன்."

"பாராட்டித்தான் கழுத்த அறுத்த."

மைதீன் பிச்சை அன்றைக்குத் தோல் எடுக்கப் போகவில்லை. நேராய் முகாமுக்கு மிதித்தார். குரியன் கூடாரத்து வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"சார், அந்தப் பையனை விட்ருங்க. தப்பு என்னுது."

"உங்க தப்பு ஒண்ணும் இல்லை. எதிரி கேட்டா, அவன் சொன்னான்."

"நான் எதிரியாக் கேக்கல சார். சும்மா கேட்டேன். அவன் எதிரிகிட்டச் சொல்லல. அவங்கம்மா காளைக்கு அழுத ஆளுகிட்டச் சொன்னான். உங்க பரீட்சையில நான் ஒழுங்கா எதிரியா இருந்திருந்தா அவன் ஒழுங்கா வாயை மூடியிருப்பான். எதிரி பெயிலுன்னா எதிரியைத்தான சார் வேலைய விட்டுத் தூக்கணும்."

மிக்கேல்ராஜ் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றான். குரியன் சிரிக்கவில்லை. பாதி கன்னத்தில் சோப்போடு ஷேவிங் கத்தியைக் கீழே வைத்தார்.

"மிக்கேல், இந்தப் பையன்களை நாம எப்படி எல்லாம் மிரட்டிப் பார்த்தோம். இருட்டு ரூமில போட்டோம். தண்ணி ஊத்தினோம். ஒருத்தன் வாயைத் திறந்தானோ?"

"இல்ல சார்."

"இவர் ஒரு மூடி கஞ்சி குடுத்தார். எல்லாம் வந்தாச்சு. அடிக்கிற எதிரிக்குத்தான் நாம இவங்களைத் தயார் பண்ணிட்டு இருந்தோம். கஞ்சி குடுக்கிற எதிரிக்கு ஒருத்தனும் தயாரில்லை." அவர் மைதீன் பிச்சையைப் பார்த்தார். "இனி வரக்கூடிய எல்லாக் கூட்டத்துக்கும் நீங்க வேணும் பாய். எல்லாரையும் உட்கார வைச்சு நீங்க பேசணும்."

மைதீன் பிச்சைக்கு இதில் வியாபாரம் தெரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குரியன் கைமேல் போர்த்தினார். சந்தையில் அப்படித்தான் பேரம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துக் காட்டினால் பக்கத்து ஆளுக்கு விலை தெரியாது. குரியனின் ஒரே ஒரு விரலைப் பிடித்து அழுத்தினார்.

"என்ன இது?" என்றார் குரியன்.

"அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு தடவை, சார். அதுக்குச் சம்மதிச்சா நான் வாரேன்."

குரியன் துண்டுக்கு அடியில் சிறிது நேரம் விரலை அசைத்துப் பார்த்தார். "சரி. ஆனா நீங்கதான் காவல். விட்டுக்குடுக்கக் கூடாது. அவன்கிட்ட இருந்து, எந்த இடத்தில் ரோட்டைத் தாண்டப் போறான்னு நீங்க கறந்தா அவன் தோத்தான். உங்க கண்ணைத் தப்பி ரோட்டைத் தாண்டினா அவன் ஜெயிச்சான். சத்தியமா முயற்சி பண்ணணும்."

"நோன்போட வாக்குக் குடுக்குறேன் சார். விட்டுக்குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்குச் சிக்கல் உறைத்தது. பையன் ஜெயிக்க வேண்டும். ஆனால் வாக்கோ நோன்பு வாயால் கொடுத்தது. இனி மனசறிந்து ஒரு கேள்வியைக்கூட விழுங்க முடியாது.

மறுநாள் விடிந்ததும் பேகம்பூர் வீட்டில் நர்கீஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவம் பார்த்த அல்போன்சா நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். பிறந்த பிள்ளை அந்த முகத்தைப் பார்த்து அழவில்லை. கொட்டாவி விட்டது. மைதீன் பிச்சை அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார்.

"இன்னைக்குப் போகலைன்னா என்ன?" என்றாள் அஜீஸுன்னிசா.

"நான் போகலைன்னா பையனுக்குப் பேப்பர் போயிரும் புள்ள. போயிட்டு வாரேன்." பிள்ளையைக் கையிலிருந்து வாங்க அவளுக்குப் பெரிய பாடாய்விட்டது.

அன்று சாயங்காலம் அதே புளியமரத்தடி. நாச்சிமுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் காட்டுப் பாதைகளில் மிக்கேல்ராஜின் ஆட்கள் அங்கங்கே நின்றார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப்பில் குரியன் காத்திருந்தார்.

மைதீன் பிச்சை வாக்குத் தவறவில்லை. முறைப்படி உட்கார்ந்தார். அம்மா மூட்டுவலி எப்படி என்று கேட்டார்.

"பேரு நாச்சிமுத்துங்க. பைலட் ஆபீசருங்க" என்றான் பையன். நம்பரைச் சொன்னான்.

தம்பியைக் கேட்டார். பேர், பதவி, நம்பர். கொய்யா இந்த வருடம் காய்ப்பு எப்படி என்று கேட்டார். நம்பர் மட்டும் வந்தது. தோல் வியாபாரத்தில் எந்த வீட்டிலும் இப்படி ஒரு கதவு அவர் முகத்தில் சாத்தப்பட்டதில்லை. உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது, கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது. பாங்கு கேட்டதும் நோன்பு திறந்துவிட்டு, பையனுக்கும் மூடியில் கஞ்சியை நீட்டினார். பையன் மரியாதையாய் வாங்கிக் குடித்தான். மூடியைத் துடைத்துக் கொடுத்தான். அப்புறம் அவர் முகத்தையே பார்த்தான்.

"ஏனுங்க பாய், வீட்ல ஏதாச்சும் விசேசமுங்களா? மொகம் ஒரு தினுசா பளபளங்குது."

"பேரன் பொறந்திருக்கான்ப்பு" என்றார் மைதீன் பிச்சை.

"அப்படிங்களா. யாரு சாயலுங்க?"

அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் சீனி கேட்டார்கள், அவ்வளவுதான்.

"என் சாயலுன்னு சொல்லிப்புட்டுப் பயப்படுறா என் வீட்டுக்காரி. மூக்கு அவங்க அத்தா மூக்கு. விரலு இருக்கு பாரு, ஒவ்வொண்ணும் வெண்டைப்பிஞ்சு. என் விரலைப் பிடிச்சான்னு வையி, விடவே இல்ல. கொட்டாவி விடுறான்ப்பு. இம்புட்டூண்டு வாய். எங்கிட்டுக் கத்துக்கிட்டு வந்தான்னே தெரியல."

"அவனை விட்டுப்போட்டு எப்படிங்க வந்தீங்க, இம்புட்டுத் தூரம்?"

"தூரமா? ரோட்டுல இருந்து இங்க வாரதுக்கு வடக்கால சுத்திப் போகச் சொல்லுறாங்க. நான் தெக்கால வாய்க்கா வரப்புல வந்தேன். புள்ளையப் பாத்துட்டுக் கிளம்ப நேரமாகிப்போச்சுல்ல. சகதின்னு மிக்கேல்ராஜு அங்க ஒரு ஆளையும் நிப்பாட்டல. சைக்கிள் நல்லாவே போகுது."

"செயின் சத்தம் போடுமுங்களே."

"காலையிலதான் எண்ணெய் விட்டேன். புள்ள தூங்குற வீட்டுக்குள்ள கடகடன்னு ஏத்த முடியுமா?"

பேரனின் காது, தலைமுடி, அழுகிற சுருதி என்று பேச்சு போய்க்கொண்டேயிருந்தது. நாச்சிமுத்து ஒவ்வொன்றுக்கும் "அப்புறமுங்க" என்றான். தொழுகை நேரம் தாண்டிவிடப் போகிறதே என்று மைதீன் பிச்சை பதறி எழுந்து, கால் கழுவி, துண்டை விரித்து நின்றார்.

தொழுது சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம். சைக்கிளையும் காணோம். கேரியரில் இருந்த தோல் மூட்டை அவிழ்த்து, மண் படாமல் இலை விரித்து அதன்மேல் வைத்திருந்தது. தூக்குவாளி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஏலே" என்று ஒரு கத்துக் கத்தினார். வாக்கு வாக்குத்தானே. தோல் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் விழுந்து ஓடினார். சகதியில் ஒரு செருப்பு போனது. தெளிவாய் ஒரே கோடாய் டயர் தடம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கியதால் சிரிக்கவும் முடியவில்லை.

தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜீப் விளக்கு வெளிச்சத்தில் நாச்சிமுத்து சைக்கிளைப் பிடித்தபடி விறைப்பாய் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் குரியனும் மிக்கேல்ராஜும்.

"பாய், அவன்கிட்ட இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்றார் குரியன்.

"பேரு, பதவி, நம்பர் சார்."

குரியன் பையன் பக்கம் திரும்பினார். "நீ?"

"காவல் இல்லாத பாதை, சைக்கிளோட நிலைமை, காவல்காரர் தொழுகிற நேரம் சார்" என்று ஒப்பித்துவிட்டு நாச்சிமுத்து கொஞ்சம் நிறுத்தினான். "பேரனுக்கு மூக்கு அவங்க அத்தா மூக்குங்க, சார்."

"பாஸ்" என்றார் குரியன்.

மைதீன் பிச்சை தோல் மூட்டையை ரோட்டோரம் இறக்கி வைத்தார். பையன் வந்து அவர் காலைத் தொடக் குனிந்தான். தொட விடாமல் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஏலே மைதீனு, ஒரு நாள் புள்ளைய வச்சுக்கிட்டு நாட்டையே காட்டிக் குடுத்துட்டியேடா" என்றான் மிக்கேல்ராஜ்.

"நீயும் தூக்கிப் பாருடா. அப்பப் பேசு."

அதற்குப் பிறகு முகாம் இருந்த வருடமெல்லாம் வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் மைதீன் பிச்சைதான் கடைசிப் பரீட்சை. பாதிப் பேர் அவரிடம் சொல்லிவிட்டுத் தோற்றார்கள். மீதிப் பேர் அவரிடம் கேட்டுவிட்டு ஜெயித்தார்கள். குரியன் கேட்டுக்கொண்டும் அவர் அந்த வாயை மட்டும் மூடப் பழகவில்லை.

அன்றைக்கு ஜீப்பில் சைக்கிளையும் தோலையும் ஏற்றிக்கொண்டு அவரை வீட்டில் விடக் கிளம்பினார்கள். ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் குரியன், மரியாதைக்குத்தான், ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

"குழந்தை நல்லா இருக்கா பாய்?"

மிக்கேல்ராஜ் வண்டியை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தான்.